முந்நூறு கத்தியும் ஒரு மப்ளரும்

எங்கள் கடையில் சுவர் முழுக்கக் கத்தி. ஏமன் நாட்டுக் குறுவாள், நேபாளத்து வளைகத்தி, காங்கோவில் வீசி எறிகிற மூன்று மூக்குக் கத்தி என்று முந்நூற்றுக்குக் குறையாது. எல்லாம் அசல், எல்லாம் பழசு. ஒன்றுக்கும் வெட்டத் தெரியாது.

தீட்டினால் மதிப்பு போய்விடும் என்பது முதலாளியின் சட்டம். துருவைத் தேய்க்கக் கூடாது, கறையைக் கழுவக் கூடாது, வெறும் கையால் தொடவே கூடாது. விரல் வியர்வை இரும்பைத் தின்றுவிடுமாம். பாதி ஆயுசு மூட்டை தூக்கிய கை என்னுடையது. அதற்கு வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

பார்சல் பிரிக்க ஒரு கட்டர் இருந்தது. அது உடைந்ததும் வேறு ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டேன்.

“கத்திக்கடைக்காரன் கத்தி வாங்குறான்னு தெரிஞ்சா தெருவே சிரிக்கும்,” என்றார் முதலாளி. அதற்குப் பிறகு பார்சலைச் சாவியாலும் பல்லாலும் பிரித்தேன்.

வாடிக்கைக்காரர்களில் ஒரு பல் டாக்டர் உண்டு. ஏமன் குறுவாள்மேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண். வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: இது நிஜமாகவே ரத்தம் பார்த்த கத்தியா? முதலாளி உடனே குறுவாளைச் செத்துப்போன சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அதைச் சொன்னால் நமக்குத் தூக்கம் வராது என்பார். அது உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. டாக்டருக்கு மனசு ஆறாது. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விடுவார்.

அன்று மதியம் இன்று முடிவு சொல்லிவிடுவதாகப் போன் செய்துவிட்டு வந்தார். சாப்பாட்டு நேரம், ஷட்டரை இறக்கி வைத்திருந்தோம். முதலாளிக்குக் கழுத்துப் பிடிப்பு, ஒரு கம்பளி மப்ளரைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். டாக்டர் குரல் கேட்டதும் பரபரவென்று போய் பட்டனை அழுத்தினார். மோட்டார் ஷட்டர் மேலே போனது. மப்ளரின் நுனியும் கூடவே போனது.

நிறுத்துகிற பட்டன் அவர் கைக்கு எட்டியதால் உயிர் தப்பியது. ஆனால் துணி மேலே உருளையில் மாட்டிக்கொண்டதால் ஷட்டர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதலாளி கால் கட்டைவிரலில் நின்றுகொண்டிருந்தார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. கடையில் இருந்த ஒரே நாற்காலி சக்கரம் வைத்தது, ஏற்றினால் உருண்டுவிடும். பாதியில் நின்ற ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடிவந்த டாக்டர் அவர் தொடையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். டாக்டர் ஒல்லி, முதலாளி அப்படி இல்லை.

நான் சுவரிலிருந்து நேபாளத்து வளைகத்தியை உருவினேன்.

“கையுறை,” என்றார் முதலாளி.

நான் ஒரு முட்டாள். ஓடிப்போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் வளைகத்தி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். காங்கோ கத்திக்குக் கையையும் ஆட்டினார். ஏமன் குறுவாளைத் தொட்டதும், “அது டாக்டருக்கு வச்சது,” என்று முனகினார்.

“பரவால்ல, வெட்டட்டும். நானும் பாத்துக்கறேன்,” என்றார் டாக்டர் கீழேயிருந்து.

அறுத்தேன். கம்பளி ஒரு நூல்கூட அசையவில்லை. குறுவாள்தான் வழுக்கிக்கொண்டு போய் முனையால் முதலாளியின் தாடையைக் கீறியது. டாக்டரின் பிடி நழுவ ஆரம்பித்தது. முதலாளியின் கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. மாடியைப் பார்த்து, அக்கா, அக்கா என்று கத்தினேன்.

முதலாளியின் சம்சாரம் வெங்காயம் நறுக்கிய கையோடு இறங்கிவந்தார். கையில் பச்சை பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கத்தி. ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியில் ஒரு முட்டியை ஊன்றி, எட்டி ஒரு இழுப்பு. முதலாளியும் டாக்டரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள்.

முதலாளி மூச்சு வாங்கி எழுந்து உட்காரும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏங்க, இத்தனை கத்தி வச்சிருக்கீங்களே, இதுல எதுங்க கத்தி?” என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

டாக்டர் தரையைவிட்டு எழவில்லை. முதலாளியையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்த குறுவாளின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலத் துடைக்கத் துணியை எடுத்தேன்.

“தொடைக்காத,” என்றார் முதலாளி. குரல் கிழிந்து வந்தது. பிறகு டாக்டரைப் பார்த்தார். இந்த முறை பெருமூச்சு இல்லை. “டாக்டர், இது ரத்தம் பாத்த கத்தி.”

டாக்டர் உட்கார்ந்தபடியே செக் புத்தகத்தை எடுத்தார். கழுத்து எப்படியிருக்கிறது என்று கேட்கவில்லை. அசலுக்கு ஒரு அத்தாட்சியாக இருக்கட்டும் என்று, அறுந்த மப்ளர் துண்டிலேயே குறுவாளைச் சுற்றச் சொன்னார் முதலாளி. சுற்றி, பெட்டியில் வைத்து, நைலான் கயிற்றால் கட்டினேன். கயிறு நீளமாகத் தொங்கியது. பல்லால் கடித்துப் பார்த்தேன். டாக்டர் என் பல்லையே பார்த்தார்.

முதலாளி தாடையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவிடம் கத்தி கேட்க மாடி ஏறினேன்.