சாமிக்குச் சர்க்கரை எவ்வளவு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. ஒரு மாத இதழின் உடல்நலப் பக்கத்துக்கு, 'பழச்சாறு நல்ல உணவா?' என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். எழுத வேண்டிய டாக்டர் ஊரில் இல்லையாம். நான் எழுதினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாதாம். இப்படித் தொடங்கினேன்:

பழச்சாற்றில் வைட்டமின் உண்டு. நார்ச்சத்து போய்விடுகிறது. ஆகவே அளவோடு

'அளவோடு' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. என்ன அளவு? அந்தக் கேள்விக்குப் பதில் வாங்குவதற்காக ஒரு பெண் கையில் கண்ணாடிக் குழாயோடு பக்தர்கள் வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 1983, சித்திரை மாதம், திருவண்ணாமலை. அவளை விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

2

தொடக்கம் ஒன்று: மலைமேல் மேகம் கவிந்திருந்தது. (அடித்துவிட்டேன். சித்திரையில் ஏது மேகம்.)

தொடக்கம் இரண்டு: கஸ்தூரி ஒரு துயரமான பெண். (இதுவும் பொய். அவள் சிரித்தால் பக்கத்துத் தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள்.)

தொடக்கம் மூன்று: கஸ்தூரி மூத்திரம் காய்ச்சுகிறவள்.

இதுவே இருக்கட்டும். டாக்டர் கோதண்டராமனின் கிளினிக்கில் அவளுக்கு அதுதான் வேலை. குழாயில் நீல நிறக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவாள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கம்மி. மஞ்சள் என்றால் கவனம். செங்கல் நிறம் வந்தால் ஜாஸ்தி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்.

அவள் புருஷன் அப்பாதுரை, செங்கம் ரோட்டில், வீட்டின் முன்பகுதியிலேயே பழ ஜூஸ் கடை வைத்திருந்தார். கடை மேல் ஒரு பலகை: 'ஜூஸ் குடிக்கிறவனுக்கு டாக்டர் எதுக்கு?'

"நீங்க காலையில ஊத்தறத நான் சாயந்தரம் காய்ச்சறேன்" என்பாள் கஸ்தூரி. முதலில் விளையாட்டாகத்தான் சொன்னாள்.

3

அப்பாதுரையை முதலில் முட்டாளாக எழுதினேன். இரண்டு பக்கம் வந்ததும் எனக்கே வெட்கமாகி, கிழித்துவிட்டேன். அவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பம். அவர் வீட்டில் பழம் என்பது யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும் வருகிற பொருள். ஒருவர் படுத்தால் இரண்டு சாத்துக்குடி வரும், சாறு உள்ளே போகும், ஆள் எழுந்துவிடுவார். இதையே பார்த்து வளர்ந்தவர், தினமும் சாறு குடித்தால் படுக்கவே வேண்டாம் என்று நினைத்தால் அதை முட்டாள்தனம் என்று எப்படி எழுதுவது?

கஸ்தூரி அவரை இப்படி மடக்குவாள்:

"ஏங்க, நாலு சாத்துக்குடிய உரிச்சித் தட்டுல வெச்சா தின்னுவீங்களா?"

"ரெண்டு தின்னுவேன். அதுக்குள்ள வயிறு ரொம்பிடும்."

"அதே நாலயும் புழிஞ்சி டம்ளர்ல குடுத்தா?"

"இன்னொரு டம்ளர் குடுன்னு கேப்பேன்."

"அப்ப எட்டுப் பழம். மேல நீங்க போடற சர்க்கரை வேற. அதான் சொல்றேன்."

"பழத்துல இன்னா தப்பு கண்ட நீ? சாமிக்கே படைக்கிறோம்."

"சாமி குடிக்கிறதில்லீங்க."

(இந்த வசனம் நானாகச் சேர்த்ததோ என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். இல்லை. எனக்கு இவ்வளவு நன்றாக வராது.)

4

சண்டை முற்றியது ராஜேந்திரனால். அவர் பள்ளிக்கூட வாத்தியார், கடையின் பெரிய வாடிக்கை. ஒரு நாள் சாயங்காலம் திராட்சை ஜூஸை வாயருகே கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்த கஸ்தூரி, "சார், நேத்துதான உங்களுக்குச் செங்கல் கலர் வந்துச்சி!" என்று கத்திவிட்டாள். டம்ளர் கீழே விழுந்தது. நின்றிருந்த ஆறு பேரும் தங்கள் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

அப்பாதுரை முகம் சிவந்துபோய், கல்லாவை விட்டு வெளியே வந்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னையிலருந்து ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, எனக்குச் சோறு கெடையாது. ஜூஸ்தான். தெனம் மலையச் சுத்தி நடக்கப்போறேன், செருப்பில்லாம. முடிஞ்சதும் இவ எனக்கு முன்னால நின்னு ஜூஸ் நல்லதுன்னு சொல்லணும்."

"சொல்றதுக்கு நீங்க இருக்கணுமே" என்றாள் கஸ்தூரி. சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதைப் பார்க்க அவர் திரும்பவில்லை.

5

பத்தாம் நாளே அவருக்குத் தாகம் எடுத்தது. தாகத்துக்கு ஜூஸ் குடித்தார். குடித்ததால் தாகம் கூடியது. கூடியதால் இன்னும் குடித்தார். ஒரு நாளைக்குப் பதினாலு டம்ளர் என்று கஸ்தூரி கணக்கு வைத்திருந்தாள். அவர் உடம்பு வற்றியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தாடி வளர்ந்தது. நாக்கு வறண்டதால் பேச்சு நின்றுபோனது. அலுப்பில் கண் பாதி மூடியே இருந்தது.

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒட்டிய வயிறு, தாடி, வெறுங்கால், பாதி மூடிய கண். வாய் திறந்து பேசாமல், தினமும் மலையைச் சுற்றுகிற ஒரு மனிதர். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருப்பார்கள். எங்கள் ஊரில் காலில் விழுந்தார்கள்.

முதலில் விழுந்தவள் பூக்காரி வெள்ளையம்மாள். மறுநாள் ஒன்பது பேர். அதற்கு மறுநாள் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் பின்னாலேயே நடந்து, சாமி எத்தனை முறை மரத்தடிக்கு ஒதுங்குகிறார் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பெயரும் வந்துவிட்டது: ஜூஸ் சாமி.

மாட்டுவண்டிக்காரன் சடையன்தான் அந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தான். சாமி வழக்கமாக ஒதுங்கும் புளியமரத்தடியில் எறும்பு சாரை சாரையாக வந்துகொண்டிருந்தது.

"பாருங்கய்யா, எறும்புகூட சாமியத் தேடி வருது! ஒரு கடி கடிக்கல!"

அன்று மாலைக்குள் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி மஞ்சள் தெளித்துவிட்டார்கள்.

கிளினிக்கில் இதைக் கேட்டதும் கஸ்தூரியின் கையிலிருந்த குழாய் நழுவி உடைந்தது. எறும்பு ஏன் வருகிறது என்று அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவருடைய குதிகாலில் முள் குத்திய புண் இருபது நாளாக ஆறவில்லை என்பதும் தெரியும். அதன் மேல் யாரோ சந்தனம் அப்பியிருந்தார்கள். அவள் புதுக் குழாய் ஒன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

6

புளியமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமியைப் பார்க்க, கட்டிய மனைவியே வரிசையில்தான் வர வேண்டும் என்றான் சடையன். அவனே இப்போது வரிசைக்குப் பொறுப்பு. நின்றாள், வெயிலில், ஒரு மணி நேரம்.

"இன்னா வேணும்?" என்றார் சாமி, கண்ணைத் திறக்காமலே.

"உங்க மூத்திரம்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. அப்புறம், "எப்பேர்ப்பட்ட பக்தி!" என்று யாரோ விம்மினார்கள். மறுநாள் அவர் வீட்டு வாசலில் நின்ற வரிசையில் பாதிப் பேர் கையில் பாட்டில் இருந்தது.*

அப்பாதுரை கண்ணைத் திறந்தார். மறுப்பார், விரட்டுவார் என்று அவள் நினைத்தாள். அவர் குனிந்து அவள் காதருகே வந்தார். "கஸ்தூரி, ரெண்டு நாளா எழுத்து தெரியல. பலகையப் பாத்தா கலங்கலா இருக்குது. பயமா இருக்குது."

குழாயை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

* மறுநாள் வரிசையில் பதினோராவதாக நின்றவன் நான். என் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. இதற்குமேல் கேட்காதீர்கள்.

7

கிளினிக்குக்கு ஓடி விளக்கில் காட்டியதும் பச்சையோ மஞ்சளோ இடையில் நிற்கவே இல்லை. ஒரே பாய்ச்சலில் செங்கல். அவள் குழாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கூட்டத்தின் முன் உயரத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்துக்கோங்க! இந்த மனுஷனுக்குச் சர்க்கரை வியாதி! கண்ணு போயிடும், காலு போயிடும்! வழிவிடுங்க!"

கூட்டம் குழாயைப் பார்த்தது.

"காவி!" என்றாள் வெள்ளையம்மாள்.

"காவிதான்! உள்ளுக்குள்ளயே காவி கட்டிட்டாரு சாமி!" என்று சடையன் சாஷ்டாங்கமாக விழுந்தான். வெள்ளைக்காரர் நோட்டை மூடிவிட்டு அழுதார்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்தச் சொன்னார் ஒரு நண்பர். இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்றார். அப்பாதுரையின் குதிகாலை என்ன செய்வது என்று கேட்டேன். அது கதைக்குத் தேவையில்லை என்றார். கஸ்தூரிக்குத் தேவை.)

அப்பாதுரை கூட்டத்தைப் பார்த்து ஒரு விரலை உதட்டில் வைத்தார். மௌன விரதம் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். அந்த இடைவெளியில் கஸ்தூரி அவர் கையைப் பிடித்து, கிளினிக்கின் பின்வாசல் வழியாக உள்ளே தள்ளிக் கதவைத் தாழிட்டாள். அன்று முப்பத்தொன்றாம் நாள்.

8

டாக்டர் கண்ணாடியை மூன்று முறை துடைத்துவிட்டு இன்சுலின் எழுதினார். தினம் காலையில் கஸ்தூரியே ஊசி போட வேண்டும். போட்டதும் அவர் சாப்பிட வேண்டும். வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம், கல்கண்டு எல்லாவற்றையும் அவள் எடுத்து வாரிக் குப்பையில் கொட்டினாள். கடையைச் சாத்தினாள். வாசலில் கூட்டம் மட்டும் கலையவில்லை.

ஐந்தாம் நாள் ஊசி போட்டு இட்லியை எதிரே வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். வெளியே யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதறினார்கள். அப்பாதுரை இரக்கப்பட்டு வாசலுக்குப் போனார். ஒருவருக்குத் திருநீறு பூசினால் நாற்பது பேர். இட்லி அப்படியே ஆறிப்போனது.

குடத்தோடு அவள் திரும்பி வந்தபோது அவர் சுவரோரம் சாய்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கை கிடுகிடுவென்று ஆடியது. அவளைப் பார்த்து, "வாங்க வாத்தியாரே, திராட்சையா சாத்துக்குடியா?" என்றார்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஊசி இரத்தத்திலிருந்த சர்க்கரையை இறக்கிவிட்டது. மேலே சாப்பாடு போகவில்லை. இப்போது உள்ளே இனிப்பு போகாவிட்டால் ஆள் நினைவு தப்பிவிடுவார். டாக்டர் வேலூர் போயிருந்தார். வீட்டில் ஒரு துளி இனிப்பு இல்லை. எல்லாவற்றையும் கொட்டியது அவள்தான்.

முன்கட்டுக்கு ஓடிக் கடைக் கதவைத் திறந்தாள். கூடையில் வாடிய சாத்துக்குடி நாலு கிடந்தது. கத்தியால் இரண்டாக வகிர்ந்து, கையாலேயே பிழிந்தாள். கொட்டை, சக்கை எதையும் பார்க்கவில்லை. அவர் தலையைத் தன் மடியில் ஏந்தி, "முழுங்குங்க, நான் கஸ்தூரி, முழுங்குங்க" என்று மடக்கு மடக்காகப் புகட்டினாள். தன் வாயால் ஜூஸ் குடிங்க என்று அவள் கெஞ்சியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் முறை. வெளியே ஜன்னல் கம்பிகளில் இருபது முகங்கள்.

பாதி டம்ளர் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் கை ஆட்டம் நின்றது. "கஸ்தூரி" என்றார்.

"அம்மாவே ஊத்திட்டாங்க! சாமி ஜெயிச்சிட்டாரு!" என்று ஜன்னல் முழங்கியது.

9

பிறகு நடந்தவை எனக்குத் தெரியும், சொல்லிவிடுகிறேன். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. கண் பெரும்பாலும் தெளிந்தது. கூட்டம் ஆவணியில், வேர்க்கடலை மட்டும் சாப்பிடுகிற வேறொருவரைத் தேடிப் போய்விட்டது. அதில் அப்பாதுரைக்குக் கொஞ்சம் வருத்தம். கடையைத் திறந்து, பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து விற்றார். யாராவது வற்புறுத்தினால் மட்டும் சின்ன டம்ளரில் ஜூஸ், சர்க்கரை போடாமல். இன்னும் பல வருஷம் இருந்தார்.

தெரியாதது ஒன்றுதான். டம்ளரில் மீதி இருந்த பாதி. அவர் நினைவு தெளிந்ததும் அதற்குக் கை நீட்டினார். ஜன்னல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்:

அ) அவள் கொடுத்தாள். அவர் குடித்தார். இருவரும் (இது சமாதானம். இவர்கள் அப்படி முடிகிற ஆட்கள் இல்லை.)

ஆ) அவள் ஜன்னலைப் பார்த்தபடியே அதைத் தரையில் கொட்டினாள். எறும்புகள் (வேண்டாம்.)

இ) அவளே குடித்துவிட்டாள். அவளுக்கும் அன்று காலையிலிருந்து எதுவும்

கஸ்தூரி இப்போது வேங்கிக்காலில் இருக்கிறாள். நேரே போய், "அந்தப் பாதி டம்ளரை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். மூன்று முடிவுகளையும் படித்துக் காட்டினேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"நீங்கதான சார் எழுதறவரு. அவ்ளோ தவிப்பா இருந்தா நீங்களே குடிச்சிடுங்க."

எனக்கும் போன வருஷம் குழாயில் மஞ்சள் நிறம் வந்துவிட்டது. ஆகவே டம்ளரை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். வெளியே நல்ல வெயில். இவ்வளவு தூரம் படித்து வந்தவர்களுக்குத் தாகமாகக்கூட இருக்கலாம்.