வேல்விழி சொன்னதாகச் சொன்னார்கள்

1

ஆச்சி உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மக்களே. இந்தக் காதல் நாவல் குற்றாலச் சாரலில் உதித்ததல்ல. தென்காசி பஸ் ஸ்டாண்டில் செங்கோட்டை வண்டிக்கு நின்றபோது, எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள், அங்கே இல்லாத மூன்றாவது பிள்ளைக்கு மாப்பிள்ளை முடித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்டேன். வண்டி போய்விட்டது. கதை கிடைத்தது.

புத்தகம் வருமுன் வாட்ஸப்பில் 'டீசர்' விடவேண்டுமாம். இலை போட்டு, சோறு வைத்து, நீங்கள் கை வைக்கப்போகும் நேரம் பார்த்து இலையை இழுத்துக்கொள்வதுதான் டீசர். பசித்த பிள்ளைகளிடம் செய்கிற காரியமா? பதிப்பாளர் படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

2. முதல் டீசர்

"மேகங்கள் மலையைத் தழுவ, வேல்விழியின் உள்ளத்தில் ஏதோ ஒரு…"

வேண்டாம். அவள் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்தும்போது கை நடுங்காது. இவ்வளவு போதும்.

கூட வேலை பார்க்கும் ஹம்னாவும் மாரிச்செல்வியும் அவளுக்கு இலத்தூர் உரக்கடை அருண்பாண்டியைப் பார்த்து வைத்தார்கள். ஹம்னா அவனிடம், "வேல்விழிக்கு ஒங்களப் பிடிச்சிருக்காம்" என்றாள். மாரிச்செல்வி இவளிடம், "அவருக்கு ஒன்னயப் பிடிச்சிருக்காம்ட்டி" என்றாள். இரண்டும் பச்சைப் பொய். ஒருமுறை ரத்தம் சோதிக்க வந்தவன் அவன். அன்று அவள் அவனிடம் பேசியது, "கைய மடக்கிக்கோங்க."

3. இரண்டாம் டீசர்

தோழிகளின் திட்டப்படி ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் மெயின் அருவியில் இருவரும் 'தற்செயலாக' நனையவேண்டும். அங்கே பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம்.* தென்காசியிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு மேதைகளுக்கு இது நினைவில்லை.

(* அருவியில் இருவரும் கைகோத்து நிற்பதாக அட்டை போட்ட ஓவியர் வெளியூர். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒரு மணி நேரம் கழித்து மூவரும் ஈரத்தலையோடு வெளியே வந்தபோது மாரிச்செல்வி வேல்விழியைக் கிள்ளினாள்.

"ஏட்டி, அந்தா!"

"எங்கன?"

"அங்கன, எண்ணெய்ல மினுங்குதாரே!"

ஆண்கள் பக்கம் வரிசை பெரிது என்று அருண்பாண்டி அருவிக்கரையில் எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்துவிட்டான். இடுப்பில் துண்டு, மேலெல்லாம் எண்ணெய். நம் கதாநாயகன்.

4. மூன்றாம் டீசர்

"சிப்ஸ் வாங்கிட்டு வாரோம்" என்று தோழிகள் மாயமானார்கள். அவன் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். அது முதுகில் ஒட்டிக்கொண்டது. வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது.

"ஒங்களுக்கு என்னயப் பிடிச்சிருக்குன்னு ஹம்னா சொன்னாங்க. வீட்டுல ஆலங்குளத்துப் பொண்ணு ஒண்ணு பாத்திருக்காவ. நாளைக்குப் பதில் சொல்லணும். வேண்டாம்னுதான் சொல்லப்போறேன். அதுக்கு முன்னால ஒங்க வாயால கேட்டுக்கிடலாம்னு… நெசந்தானா?"

வேல்விழிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தான் சொல்லாத ஒரு சொல்லை நம்பி ஒருத்தன் பெண்ணை வேண்டாம் என்று சொல்லப்போகிறான். இல்லை என்றால் இந்த முகம் என்ன ஆகும்? ஆமாம் என்றால், ஹம்னாவின் பொய்க்குத் தன் வாயை வாடகைக்கு விட்டதாகும். இந்த முகம் தனக்குப் பிடித்திருக்கிறதா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள யார் நேரம் கொடுத்தார்கள்?

5

முடிவுகள் கைவசம் உண்டு.

"நான் சொல்லல. இப்பம் சொல்லுதேன்." நீங்கள் கைதட்டுவீர்கள், பதிப்பாளர் இன்னொரு பதிப்புக்குக் காகிதம் வாங்கிவிடுவார். கோடு போட்டு அடித்துவிட்டேன்.

"நான் சொல்லவே இல்ல, நீங்க ஆலங்குளத்துக்கே…" உங்களை அழவிட மனசில்லை. இதையும் அடித்தேன்.

அதற்குள் "சேத்து வைங்க ஆச்சி" என்று உங்களிடமிருந்து நாற்பது செய்திகள். என் கண்ணுகளா, ஹம்னா அந்தப் பிள்ளை வாயில் ஒரு சொல்லை வைத்தாள். நான் இரண்டு வைத்துப் பார்த்தேன். நீங்கள் நாற்பது. இத்தனை பேரில் "நீ சொன்னியா?" என்று அவளிடமே கேட்டது அந்த எண்ணெய் வடிகிற பையன் ஒருத்தன்தான்.

ஆகவே பதில் அவனுக்கு மட்டும். வேல்விழி மூச்சை இழுத்து அவனை நிமிர்ந்து பார்க்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். வாருங்கள், நாம் நகர்ந்துகொள்வோம்.

என்ன, எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறீர்கள்?