தலைகீழாய்ப் பூத்த செடி

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மறுநாளே, மண்ணூர் ராஜம்மா நெடுந்தீவிலிருந்து அகதியாக வந்து தன் வீட்டில் குடியிருந்த ஜெசிந்தாவைக் கைக்குழந்தையோடு வெளியே அனுப்பிவிட்டாள். "தீவுக்காரிய வூட்ல வெச்சிகினு போலீசுக்கு எவ பதில் சொல்றது?"

போகுமுன் ஜெசிந்தா ஒரு தகர டப்பாவை நீட்டினாள். அதில் நெடுந்தீவுக் கல்லிடுக்குகளில் தானாக முளைக்கும் தடித்த இலைச் செடி ஒன்று இருந்தது. "தண்ணியில்லாட்டியும் சாகாது அக்கா, வச்சிருங்கோ."

கற்றாழை மாதிரிதானே கீது என்று ராஜம்மா அதை வேரோடு பிடுங்கி, திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகக் கட்டினாள். மண்ணில்லாமல், சொட்டுத் தண்ணியில்லாமல், ஆடி மாதம் அது பூத்துவிட்டது. தெருவே வந்து அதிசயமாகப் பார்த்தது.

அன்றைக்குத்தான் பால்காரர் சொன்னார், அகதி முகாமில் ஜெசிந்தாவின் குழந்தை காய்ச்சலில் போய்விட்டதாம்.

ராஜம்மா செடியைப் பார்த்துக் கத்தினாள்: "நீ மட்டும் ஏன் சாவல?"