முகம் போடாத பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வளையலால் பிறந்தது. கேரளத்துப் பொன்னானியில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே வலிதணிப்பு மையம் ஒன்று இருக்கிறது. படுத்த படுக்கையான நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கிறவர்கள். அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் யாரோ, "இந்த வளையல் என்ன விலை?" என்று கேட்டிருந்தார்கள். சிரித்தேன். பிறகு பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனதில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாமே கைகள். கையைப் பிடித்திருக்கும் கைகள். நோயாளியின் முகத்தைப் போடக் கூடாது என்பது மையத்தின் சட்டம். நல்ல சட்டம்தான்.

2

"ஜுமைலா சமூக ஊடகத் திட்டத்தின் முதல் பக்கத்தைத் திறந்து..."

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

"மையத்துக்கு வரும் தொண்டர்கள் குறைந்துகொண்டே போனார்கள்." இது பரவாயில்லை. இணையம் வழியாக ஆள் சேர்க்கத் திட்டம் போடும் வேலையைச் செயலாளர் ஹம்ஸக்கோயா ஜுமைலாவின் தலையில் கட்டினார். அவள் துணிக்கடை ஒன்றுக்கு விளம்பரம் செய்கிறவள். எதை, யாருக்கு, எப்போது போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. திட்டத்தை உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கலாம். நர்ஸோடு வேனில் ஏறி வீடுகளுக்கும் போனாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள்.

3

சௌதாமினி சேச்சி, தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவர்.* புற்றுநோய் முதுகெலும்புவரை வந்துவிட்டது.

"கையை நீட்டுங்க சேச்சி, ஒரு படம்."

"கை எதுக்கு மோளே? இந்த ஊரு பார்த்ததெல்லாம் என் கையைத்தான். டிக்கெட் ஓட்டை வழியா வேற என்ன தெரியும்? முகத்தை எடு."

"முகம் போடக் கூடாது சேச்சி. சட்டம்."

"அப்ப நான் செத்தா முக்குல ஃப்ளெக்ஸ் வைப்பீங்களே, அதுல என்ன போடுவீங்க? கையா?"

ஜுமைலா போனைத் தாழ்த்தினாள். இங்கே ஒருவர் கண்ணை மூடினால் போதும், உடல் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் முகம் முக்குக்கு வந்துவிடும். எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் அதே முகம்தான் இருக்கும்.

"இருக்கும்போதே போடு. யாரு என்ன எழுதறாங்கன்னு நானே படிக்கணும்."

(*டிக்கெட் ஓட்டை கொஞ்சம் அதிகமாகப் பொருந்துகிறதோ என்று சேச்சியைத் தபால் நிலையத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கே அவர் வாயே திறக்கவில்லை. திரும்ப தியேட்டருக்கே கொண்டுவந்துவிட்டேன்.)

4

ஹம்ஸக்கோயாவை முதலில் வில்லனாக எழுதினேன். "சட்டம்னா சட்டம்!" என்று மேசையைத் தட்டினார். [அடித்துவிட்டேன். அவர் மேசையைத் தட்டுகிற ஆள் இல்லை.]

"என் தம்பி படத்தை எவனோ எடுத்துப் போட்டான் ஜுமைலா. மூக்குல குழாயோட. அதை அவன் பிள்ளைங்க பார்த்துச்சுங்க. அன்னைக்குப் போட்ட சட்டம் இது."

"எடுக்கறதுக்கு முன்னாடி தம்பியைக் கேட்டாங்களா கோயாக்கா?"

"எங்க கேட்டான்!"

"சேச்சி அவங்களாவே கேக்கறாங்க."

ஹம்ஸக்கோயா, ஊருக்குக் கோயாக்கா (இங்கே இக்கா என்றால் அண்ணன்), கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

"அவங்க பார்த்துச் சரின்னு சொன்னா மட்டும் போடு. இல்லேன்னா அங்கேயே அழிச்சிடணும். நானும் வரேன்."

5

சேச்சி பவுடர் பூசி, கண்ணுக்கு மை இட்டு, தலையணையில் சாய்ந்திருந்தார்.

"இதுல அழற மாதிரி இருக்கேன். அழி. இதுல எங்க மாமியார் மாதிரி இருக்கேன். சீக்கிரம் அழி!"

"சேச்சி, உங்ககிட்ட எத்தனையோ தடவை டிக்கெட் வாங்கியிருக்கேன்," என்றார் கோயாக்கா. "ஒருதடவைகூட நல்ல சீட்டு கிடைச்சதில்ல."

"நல்ல சீட்டெல்லாம் அழகான ஆளுங்களுக்கு."

சேச்சி சிரித்தார். ஜுமைலா எடுத்துவிட்டாள். முன்பல் ஒன்று இல்லாத வாய், ஒரு பக்கம் கலைந்த மை, ஊரையே வம்புக்கு இழுக்கும் கண்கள்.

"இதுதான் நான். போடு."

வாசலில் நர்ஸ் ஜுமைலாவின் தோளைத் தொட்டு, "இனி அதிக நாளில்லை" என்றாள்.

6

முடிவு ஒன்று: படத்தைப் பார்த்துத் தொண்டர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். திட்டம் வெற்றி. (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: "முதல் கருத்து வந்தபோது சேச்சியின் கண்கள்..."

மாட்டேன். இதை எழுத எனக்குக் கை வராது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படம் போட்டாயிற்று. சேச்சி கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஜுமைலாவின் போனை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார்.

"யாராவது எழுதினாங்களா மோளே?"

"இப்பத்தானே சேச்சி போட்டேன்."

படத்துக்குக் கீழே நான் எழுதினால் செல்லாது. இட்டுக்கட்டுகிறவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டீர்கள். ஏதாவது ஒரு வரி எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவரால் ரொம்ப நேரம் உட்கார முடியாது.