வெயிலுக்கேற்ற தோல்

பக்கீர் முகமதுவுக்கு நாற்றம் ஒரு பொருட்டே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தோல் கிட்டங்கியில் முப்பத்தோரு வருஷமாகத் தரம் பிரிக்கிறவருக்கு மூக்கு என்று ஒன்று இருந்தால் பிழைக்க முடியுமா? உப்புப் போட்ட பச்சைத்தோல் குவிந்து கிடக்கும் கூடத்திலேயே உட்கார்ந்து மதியச் சோற்றைத் தின்றுவிடுவார். ஈ மொய்த்தால் இடக்கையால் விரட்டிக்கொள்வார். மனிதர்கள் செய்கிற காரியங்கள்தான் அவருக்குக் குமட்டலைக் கொடுத்தன. 1988-இல் அப்படி ஒரு காரியம் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து பாய் போட்டு உட்கார்ந்தது.

வந்தவன் காதர். ராஜபாளையத்தில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தான். பக்கீர் முகமதுவின் ஒரே மகள் சௌதாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. கல்யாணம் வைகாசியில். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஜீப் வேண்டாமாம். தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் பைக்கில் வருவானாம். வைகாசி வெயிலில் ராஜபாளையத்து ஆண்கள் சட்டையையே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரிவார்கள். இந்த மகாராஜன் அதற்குமேல் ஒரு தோலைப் போர்த்திக்கொள்ள ஆசைப்பட்டான்.

“வெயிலுக்குன்னே தோல் இருக்குதாம்ல மாமா. போட்டா வேர்க்காதாம். ஒங்களுக்குத் தெரியாததா, பாத்து எடுங்க” என்றான்.

வேறு யாராவது கேட்டிருந்தால் பக்கீர் முகமது வாய்விட்டுச் சிரித்திருப்பார். மாப்பிள்ளை என்பதால் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். சௌதாவுக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. முன்பு இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், வாசலில் அவர் கழற்றிப் போட்டிருந்த செருப்பின் வாடைக்கே மூக்கைச் சுளித்துக்கொண்டு, காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். தோல் மண்டிக்காரன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று பிற்பாடு சொல்லி அனுப்பினார்கள். காதர் வீட்டார் மட்டும்தான் காப்பியைக் குடித்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இன்னொரு இடம் வராது என்று மனைவி ஆயிஷா பீவி தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே ஒரு வாரம் மெனக்கெட்டுத் தோல் தேர்ந்தெடுத்தார். மாட்டுத்தோலை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கினார். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் ஆள் வெந்துவிடுவான். செம்மறி லேசுதான், ஆனால் கொழுப்பு ஊறிய தோல், நாலு மாதத்தில் மேல்பொருக்கு உரியும். வெள்ளாடுதான் சரி. அதிலும் கரிசல் காட்டில் முள்ளையும் இலையையும் கடித்துக்கொண்டு அலையும் கன்னி இனத்து ஆடு. மெலிசு, உறுதி, காற்றும் உள்ளே போய்வரும். கத்திவெட்டு, முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி எதுவும் இல்லாமல் ஏழு தோல் பொறுக்கினார். ஆவாரம்பட்டையில் பதமாகி வந்தவை. சாயம் ஏற்றாமல் அந்த வெளிர் நிறத்திலேயே தைத்தால் வெயிலை இழுக்காது, உள்ளே மல் துணி கொடுத்தால் வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவும் யோசித்து வைத்திருந்தார்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் காதர் கிட்டங்கிக்கு வந்தான். அத்தர் தெளித்த கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்படியிலேயே நின்றான். டீ வரவழைத்தார், வேண்டாம் என்று கையை ஆட்டினான். ஏழு தோலையும் வாசலுக்குக் கொண்டுவந்து விரித்தார். ஒரே ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த விரலை அவர் தோளில் கிடந்த துண்டில் துடைத்தான்.

“இது ஆகாது மாமா. மெட்ராஸ்ல ஒரு சேட்டுப் பையன் போட்டிருந்தான். தொட்டா தண்ணியத் தொட்ட மாரி இருந்துச்சு. என்ன தோல்னு வெசாரிச்சேன். வயித்துக்குட்டித் தோலாம்.”

பக்கீர் முகமது அவனை நிமிர்ந்து பார்த்தார். வயிற்றுக்குட்டித் தோல் என்றால் சினையாட்டின் வயிற்றைக் கிழித்து எடுக்கும், பிறக்காத குட்டியின் தோல். அதைக் கேட்கிறவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது என்றுதான் முதலில் நினைத்தார்.

“மாப்ள, அது என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கியளா?”

“ஏன் தெரியாம? ரோமமே மொளச்சிருக்காதாம்ல. அதான் அம்புட்டு நைசு. நீங்க இம்புட்டு வருசம் இந்தத் தொழில்ல இருந்து இதுகூட முடியாதுன்னா, எங்க வீட்ல என்ன நெனைப்பாக?”

சொல்லிவிட்டு மறுபடி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான். செத்த ஆட்டின் வாடையை மோந்து பார்க்க முடியாதவனுக்குப் பிறக்காத குட்டியின் தோல் கேட்கிறது. பக்கீர் முகமது காறித் துப்பியிருக்கலாம். “பாக்கேன் மாப்ள” என்றார்.

பார்க்கவும் போனார், அதுதான் கேவலம். அறுப்புக்கூடத்தில் மதார் சாகிப் அவருக்கு இருபது வருஷப் பழக்கம். சங்கதியைச் சொன்னதும் மதார் சாகிப் கத்தியைக் கீழே வைத்தார்.

“அறுக்க வாரதுல சினை இருந்தா நான் கையால தடவிப் பாத்தே திருப்பி அனுப்பிருவேன். ஒமக்கு அது தெரியும். வேற எதும் இருந்தாப் பேசும்” என்றார். பக்கீர் முகமது வந்த வழியே திரும்பினார்.

அதோடு விட்டிருக்கலாம். மாசியில் ஒரு மழை பெய்தது. அறுத்துவிட்ட சோளக்காட்டில் தட்டைகள் மறுபடி குருத்து விட்டன. அந்தக் குருத்து ஆட்டுக்கு விஷம். வன்னியம்பட்டி கருத்தையாவின் கிடை ஒரு காலையில் வேலியைத் தாண்டி அந்தக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. அவன் ஓடிப்போய்த் திருப்புவதற்குள் பதினோரு ஆடு வயிறு ஊதிச் செத்துப்போனது. பதினொன்றும் மூன்று மாதச் சினை.

செய்தி கேட்டதும் பக்கீர் முகமது சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஆடு செத்தால் தோல்காரர் போவது வழக்கம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. சினையோடு செத்த ஆட்டை உரிக்க மாட்டார்கள். தாயையும் குட்டியையும் பிரிக்காமல், மஞ்சள் தண்ணீர் தெளித்து முழுசாகப் புதைத்துவிடுவார்கள். அந்தக் குழிப்பக்கம் இதுவரை பக்கீர் முகமது போனதே இல்லை. துக்கம் விசாரித்துவிட்டுத் தள்ளியே நிற்பார்.

கருத்தையாவும் அவன் மனைவி வெள்ளைத்தாயும் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அழுது அழுது வெள்ளைத்தாயின் முகம் வீங்கிக் கிடந்தது.

“வாங்க ராவுத்தரே. பாத்தீயளா எங்க கெதிய” என்றான் கருத்தையா.

பக்கீர் முகமது தலையை ஆட்டினார். பிறகு தன் வாயிலிருந்துதான் அந்த வார்த்தை வருகிறதா என்று அவருக்கே நம்பிக்கையில்லாமல் சொன்னார்.

“கருத்தையா, தாயத் தொட வேண்டாம். உள்ள இருக்கிறத மட்டும் எடுத்துக்கிடட்டா?”

கருத்தையா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“நீங்களா கேக்கிய?” என்றான்.

“எம்மக கல்யாணம்பா. மாப்ள வீட்ல பிரியப்படுதாக.”

மகள் கல்யாணம் என்றதும் கருத்தையாவால் மறுக்க முடியவில்லை. “எங்க கண்ணுக்கு முன்னால வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, பெண்டாட்டியைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். பக்கீர் முகமது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு இருந்தது. இருபத்திரண்டையும் வெளியே எடுத்து முடிப்பதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தார். நாற்றத்துக்கு வாந்தி எடுத்ததாக ஊரில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நாற்றத்துக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பங்குனி கடைசியில் தோல்கள் பதமாகி வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு உள்ளங்கையை விரித்து வைத்த அளவு. வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் கைக்கு அப்படி ஒரு தோல் வந்ததில்லை. விரலை எடுக்க முடியவில்லை; தடவத் தடவ இன்னும் தடவச் சொன்னது. தான் செய்துகொண்டிருப்பதை உணர்ந்ததும் தோலை விசிறி எறிந்தார். ஒரு குட்டியின் தோல் இது என்று மனசு அருவருத்துக்கொண்டிருக்கும்போதே, முதல் தரம் என்று சொன்ன தன் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ராஜபாளையத்தில் பை தைக்கிற ஒருவர் ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்தார். உள்துணியைப் பெண்தான் தைக்க வேண்டும் என்று காதர் ஆசைப்பட்டான். சௌதா மிஷினில் உட்கார்ந்து மல் துணியை வைத்துத் தைத்தாள். ஆசையாகத்தான் தைத்தாள். இடையில் நிறுத்தி ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏன் அத்தா, இம்புட்டுச் சின்னச் சின்னத் துண்டா ஒட்டுப் போட்டிருக்கு?”

“குட்டித் தோலும்மா” என்றார். பொய் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சித்திரை பிறந்த மறுநாள் பதினோரு மணி வெயிலில் காதர் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்க வந்தான். ஆயிஷா பீவி சர்பத் கொடுத்தாள். சௌதா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினான். கைப்பகுதியைத் தடவினான். கன்னத்தில் வைத்து உரசிக்கொண்டான். கிட்டங்கி வாசலில் மூக்கைப் பொத்தியவன் அதை மோந்தும் பார்த்தான்.

“ஒரு வாடையும் இல்ல மாமி. மாமா மொதல்ல கெடாத் தோலக் கொண்டாந்து நீட்டுனாக. வெயிலுக்கு வயித்துக்குட்டித் தோல்தான் வேணும்னு நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன். வயித்துக்குள்ள இருக்கும்போதே எடுத்தாத்தான் இந்த மெதுவு. மிச்சம் இருந்தா சௌதாவுக்கும் ஒரு பை தைச்சிருவோம்.”

கதவு திறந்தது. சௌதா வெளியே வந்தாள். நிச்சயம் ஆன பெண் மாப்பிள்ளைக்கு முன்னால் அப்படி வருவதில்லை என்பதால் ஆயிஷா பீவி பதறி எழுந்தாள். சௌதா தாயைப் பார்க்கவில்லை.

“அதக் கழட்டி வச்சிட்டுப் போங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்றாள்.

காதர் சிரித்தான். அவள் அதே இடத்தில் நிற்கவும் சிரிப்பை நிறுத்தினான். மாமா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தான். பக்கீர் முகமது சர்பத் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். காதர் ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டு, “இந்தத் தோல் நாத்தத்துல வேற எவன் வந்து நிப்பான்னு பாக்கேன்” என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். ஆயிஷா பீவி தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சௌதா கொல்லைப்புறம் போனாள். பக்கீர் முகமது பின்னாலேயே போனார். பல மாதத்துக்குப் பிறகு அவருக்கு மூச்சு தாராளமாக வந்தது. அவள் சோப்பை எடுத்து இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் தேய்த்தாள். அவர் தொட்டியிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

“நல்ல காரியம் செஞ்ச தாயி. அவன்லாம் ஒரு மனுசனா? சீ, நெனச்சாலே கொமட்டுது.”

சௌதா தேய்ப்பதை நிறுத்தினாள்.

“அவுக கேக்கத்தான் செஞ்சாக அத்தா. வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். எடுத்துக் குடுத்த ஒங்கள நான் என்ன செய்ய?”

அவர் நீட்டிய தண்ணீருக்குக் கையைக் காட்டாமல், செம்பை அவரிடமிருந்து வாங்கித் தானே ஊற்றிக் கழுவிக்கொண்டாள்.