வண்டி போகாத இடம்

"ரெண்டாம் நம்பரே போதும், பக்கத்துலயே கார் நிறுத்தலாம், கக்கூஸும்—"

"கக்கூஸ் பக்கத்துல படுக்கறதுக்கு எதுக்கு மாஸ்டர் காட்டுக்குப் போகணும், நம்ம வீட்டுலயே—"

"நான் பேசி முடிச்சுக்கறேன்—"

"நீங்க முடிக்கறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன்."

தையல்காரர் கழுத்து டேப்பைச் சரிசெய்துகொண்டார். ஒரு வாரமாக மனைவி இப்படி ஒரு பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு, தோற்கிற நேரம் பார்த்து வீசிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோரு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவள். இப்போது ஜன்னலோரக் கட்டிலில் மூன்று தலையணைகளில் சாய்ந்து, காட்டின் வரைபடத்தை முழங்கால் மேல் விரித்து, நழுவாமல் இருக்க நாலு மூலையையும் துணிக் கிளிப்பால் போர்வையோடு பிடித்து வைத்திருந்தாள். இன்றோ நாளையோ என்று டாக்டர் நேற்றுத் தையல்காரரைத் தனியாக அழைத்துச் சொன்னபோது, அறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. டாக்டர் போனதும் அவள் கேட்டது அந்த வரைபடத்தைத்தான்.

இரண்டு பேரும் ஓய்வுபெற்றதும் முதுகில் பையும் கூடாரமும் சுமந்து காட்டுக்குள் நடப்பது, இரண்டு ராத்திரி அங்கேயே படுப்பது என்று போட்ட திட்டம். இருவரும் ஒரு நாளும் வெட்டவெளியில் படுத்ததில்லை. பைகள் வந்த மாதம்தான் நோயும் வந்தது. காட்டில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க விடமாட்டார்கள். நம்பர் போட்ட இடங்களில் ஒன்றை முன்பதிவு செய்ய வேண்டும். இந்தப் பருவத்துக்கு இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு மேல் வன அலுவலகத்தில் ஃபோன் எடுக்கமாட்டார்கள்.

தனக்குப் பதிலாகத் தங்கை போகட்டும் என்பது அவள் முடிவு. பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் தங்கை கையில் காப்பியோடு வாசற்படியில் நின்று, தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றாள்.

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவே. அதான் கேக்கலை," என்றாள் அக்கா.

தையல்காரர் போகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை. ரெண்டாம் நம்பருக்கு வண்டியிலேயே போய்விடலாம், பின் சீட்டில் அவளையும் படுக்க வைத்து... அதையும் அவர் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கா தெரியாது?

"மாஸ்டர், வண்டி போற இடத்துக்கெல்லாம் உங்களை நான் கூட்டிட்டுப் போயாச்சு. போகாத இடம்தான் பாக்கி. அங்க நீங்கதான் நடக்கணும்."

"உனக்கு உடம்பு தேறட்டும், பாக்கலாம்."

"பிரேக் பிடிக்காத வண்டி எதுன்னு டிரைவருக்குத் தெரியாதா?"

அவருக்குக் கோபம் வந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை உருவி வரைபடத்தில் வைத்தார். வாகன நிறுத்தத்திலிருந்து அவள் கேட்கிற ஏரிக்கரைப் பதினொன்றாம் நம்பருக்கு மூன்றே அங்குலம். ஒரே நடையில் போய்விடலாமே, முதல் ராத்திரிக்கு என்று நடுவில் இன்னொரு இடம் எதற்கு?

வரைபடத்தில் உயரம் காட்டும் கோடுகள் நெருங்கி வந்தால் அங்கே ஏற்றம் என்று அர்த்தம் என்றாள் அவள். கோடு கோடுதான், டேப் பொய் சொல்லாது என்றார் அவர். அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, ஜன்னல் திரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். அவரே தைத்த திரை.

"இதுக்கு எத்தனை அடி துணி எடுத்தீங்க?"

"எட்டு."

"ஜன்னல் அகலம்?"

"நாலு."

"மீதி துணி எங்க போச்சு?"

சுருக்கத்தில் போயிற்று. தையல்காரர் டேப்பைத் திரும்பக் கழுத்தில் போட்டுக்கொண்டார். தங்கை காப்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

போய்வந்தவர்கள் இணையத்தில் எழுதியிருந்ததைத் தங்கை வாசிக்க வாசிக்க, அக்கா பென்சிலால் வரைபடத்தில் குறித்தாள். ஐந்தில் சதுப்பு, கொசு. ஆறில் தரை சரிவு. ராத்திரி மாஸ்டர் உருண்டே வீடு வந்து சேர்ந்துவிடுவார். ஒன்பதில் தலைக்கு மேல் பட்ட மரம். காற்றடித்தால் கிளை முறிந்து கூடாரத்தில் விழும். பட்ட மரம் இருக்கிறதா என்று எங்கேயும் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு இரண்டு தடவை சொன்னாள். ஏழு சமதரை, ஓடையின் சத்தம் கேட்கிற தூரம். அதைச் சுற்றி வட்டம் போட்டாள். எட்டுக்கு வந்தபோது, வீட்டோடு இருந்து அவளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் போர்வை மாற்ற வந்துவிட்டாள்.

"எட்டு அப்புறம்," என்று பென்சிலை வைத்தாள்.

அப்புறம் தூங்கினாள். இரண்டரை மணிக்கு நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், விட்டாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பையின் தோள்பட்டை வாரைத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர் இயந்திரத்திலிருந்து காலை எடுத்தார்.

நாலு மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. டிப்போவிலிருந்து நாலைந்து பேர் சீருடையோடு வந்தார்கள். ஒரு நாளும் தாமதமாக வண்டி எடுத்ததில்லை என்று ஒருவர் ஆரம்பிக்க, ஒரு நாளும் எங்களுக்கு வழிவிட்டதும் இல்லை என்று இன்னொருவர் சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்தார்கள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தபோது தையல்காரர் எழுந்து ஃபோனை எடுத்தார். யாருக்கோ தகவல் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் முதல் ராத்திரிக்கு ஏழாம் நம்பர், அடுத்த ராத்திரிக்குப் பதினொன்று என்றார். டிப்போக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை பேர் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அவர் கட்டிலைப் பார்த்தார். அப்புறம் மச்சினியைப் பார்த்தார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"ரெண்டு," என்றார்.

அப்புறம் வெகுநேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றார். வேறு எது இருக்கிறது என்று கேட்டார். சரி என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு, நர்ஸ் மடித்துவைத்த வரைபடத்தை எடுத்து வந்து கட்டிலோர நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முழங்கால் மேல் அதை விரித்து, நாலு மூலையிலும் கிளிப் போட்டார்.

"ஏழு போயிடுச்சாம் டிரைவரம்மா. எட்டுதான் கிடைச்சுது. மேல பட்ட மரம் ஏதும் இருக்கான்னு பாத்துச் சொல்லு."