அத்தை பேச ஆரம்பிக்கும்போதெல்லாம்

1

இந்தக் கதை முதலில் ஒரு புகாராக இருந்தது. அதை ஒப்புக்கொண்டே ஆரம்பிக்கிறேன்.

அந்த மொராக்கோ உணவகத்துக்குப் போய்வந்த மறுநாள் காலை கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?' கீழே ஐந்து காலி நட்சத்திரங்கள். அதற்கும் கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம். குளிக்கப் போகுமுன் இரண்டு வரி எழுதிப்போடலாம் என்று உட்கார்ந்தேன். ஆட்டிறைச்சி காய்ந்துபோயிருந்தது என்று எழுதினேன். கூஸ்கூஸ் என்ற ரவைச் சோறு ஆறியிருந்தது என்று எழுதினேன். ஆறிய கூஸ்கூஸை எதற்காக இரண்டாவது முறையும் கேட்டேன் என்று விளக்க வேண்டியிருந்தது. அதற்கு அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்ல வேண்டும். பாதியில் கட்டம் நிறைந்துவிட்டது. 'மிக நீளம்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

அன்று நான் குளிக்கவில்லை. வேலைக்கும் போகவில்லை.

ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். 'நான்' என்று இருந்த இடங்களில் 'அவன்' என்று போட்டுவிட்டேன். அவனுக்கு என்னைவிடக் கொஞ்சம் உயரம் அதிகம். தலைமுடியும் தாராளமாகக் கொடுத்திருக்கிறேன். இதுகூடச் செய்துகொள்ள முடியாவிட்டால் எதற்குக் கதை எழுதுவது?

2

முதல் தொடக்கம்: "செப்பு விளக்குகளின் பொன்னிற ஒளியில், அயல்தேசத்து நறுமணங்கள் சூழ, அவன் மெல்ல—"

அடித்துவிட்டேன். நறுமணம் எதுவும் இல்லை. தரைவிரிப்பைச் சுத்தம் செய்யும் திரவத்தின் வாடைதான் இருந்தது.

இரண்டாவது: "அவன் மனைவி உயிரோடு இருந்திருந்தால்—"

இதையும் அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியாது.

மூன்றாவது: "அவனுக்கு அன்று நல்ல பசி."

இது இருக்கட்டும். உண்மை. யாரையும் பயமுறுத்தாது.

3

அவனுக்கு அன்று நல்ல பசி. பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று காலையில் வெறும் காப்பியோடு நிறுத்திக்கொண்டான். குளியலறை ஓடுகள் விற்கும் கடையில் கணக்குப் பார்ப்பது அவன் வேலை. [முதல் வரைவில் அவனை விபத்துக் கார்களின் சேதத்தை மதிப்பிடுகிறவனாக வைத்திருந்தேன். சேதம் என்ற சொல் கதைக்கு ரொம்பப் பொருந்தியது. அதனாலேயே நம்பும்படியாக இல்லை. ஓடுகள் எதற்கும் பொருந்தவில்லை. ஆகவே ஓடுகள்.]

அத்தை என்பது அவன் மனைவியின் அம்மா. பெண்கள் கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் அவர் காதில் விழுந்ததெல்லாம் சாப்பாட்டைப் பற்றிய குறைகள்தான். முப்பது வருடமும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "சாப்பாட்டைக் குறை சொல்லாதீங்க பொண்ணுங்களா." சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிவிட்டது.

மாமியாரும் மருமகனும் நேராகப் பேசிக்கொண்டதே குறைவு. நடுவில் அவள் இருந்தாள். அவனுக்குப் பசித்தால் அவள் அம்மாவிடம் சொல்வாள். அம்மாவுக்குத் தலைவலி என்றால் அவனிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே இது நடக்கும்.

அவள் போன பிறகு அத்தை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பஸ் மாறி வருகிறார்.

"நல்லாருக்கீங்களா மாப்பிள்ளை?"

"நல்லாருக்கேன் அத்தை. நீங்க?"

"எனக்கென்ன."

பிறகு அடுப்படிக்குப் போய் டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைப்பார். தொலைக்காட்சியில் செய்தி பார்ப்பார். தேநீர் குடிப்பார். கிளம்பிவிடுவார். அவ்வளவுதான். ஆனால் வாரத்தில் அவன் வீட்டு அழைப்பு மணி அடிப்பது அந்த ஒரு தடவைதான்.

இப்போது கதைக்கு வேண்டிய இடி. மனைவியின் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, அம்மா இந்த வாரம் உங்ககிட்ட ஒண்ணு சொல்லப்போறாங்க. தெரியாத மாதிரியே கேட்டுக்கோங்க."

"என்னக்கா?"

"இனிமே ஞாயித்துக்கிழமை வரப்போறதில்லையாம். நான் வந்து வந்து உக்காந்துட்டிருந்தா அந்த வீட்டுக்கு வேற ஒருத்தி எப்படி வருவான்னு கேக்கறாங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"சரிக்கா."

"சரின்னா என்ன அர்த்தம்?"

"சரின்னுதான்க்கா."

அவன் எல்லாவற்றுக்கும் சரி என்கிறவன். துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சரி. லீவு இல்லை என்ற முதலாளிக்குச் சரி. போனை வைத்த பிறகுதான் யோசித்தான். வீட்டில் வைத்துப் பேச்சை எடுத்தால் தப்பிக்க வழியில்லை. உடனே அத்தைக்குப் போன் போட்டான்.

"இந்த ஞாயிறு வெளிய சாப்பிடலாமா அத்தை?"

வாயில் வந்தது அந்த மொராக்கோ உணவகம். பஸ் அதைத் தாண்டும்போதெல்லாம் அவன் மனைவி, "ஒரு நாள் இங்க போகணும்" என்பாள். அம்மாவிடமும் சொல்லியிருந்தாள். அத்தைக்கு ஆசை இருக்கும் என்று அவன் நினைத்தான். மாப்பிள்ளைக்கு ஆசை என்று அத்தை நினைத்தார். ஆசைப்பட்ட ஆள் மேசையில் இல்லை.

4

வங்கிக்கு மேலே இரண்டாவது மாடி. கனத்த திரைகள். துளைபோட்ட விளக்குகள் முகத்தில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் அடித்தன. அம்மை போட்டவர்கள் மாதிரி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருக்கை என்று பெயர்தான், மெத்தை. உட்கார்ந்த வேகத்தில் அத்தை பாதியாகிப்போனார். அவர் முகம் மட்டும் மேசைக்கு மேலே தெரிந்தது.

பரிமாறுகிறவர் நீண்ட மூக்குள்ள கெண்டியோடு வந்தார். கைகளில் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் விட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற குரல்.

"எங்க செஃப்போட சின்னப் பயணம் இருக்கு சார், பெரிய பயணம் இருக்கு."

"என்ன வித்தியாசம்?" என்றார் அத்தை.

"சின்னதுல நாலு தட்டு வரும்மா. பெரியதுல ஒன்பது."

"நாங்க ரெண்டு பேர்தானே, சின்னதே—"

"பெரிய பயணம்," என்றான் அவன்.

வாசகருக்குப் புரிந்திருக்கும். ஒவ்வொரு தட்டும் ஒரு குறுக்கீடு. ஒன்பது தட்டு வந்தால் ஒன்பது தடவை பேச்சு அறுபடும். அத்தைக்குப் புரியவில்லை. பிள்ளைக்கு எவ்வளவு பசியோ என்று அவனைப் பார்த்தார்.

(ஒரு பக்கக் குறிப்பு. மொராக்கோவை நான் குறை சொல்லவில்லை. அங்கே போனதில்லை. அந்த ஊர்க்காரர்கள் நன்றாகத்தான் சமைப்பார்கள். இந்தச் சமையல்காரரும் அங்கே போனதில்லை என்பது மட்டும் என் சந்தேகம்.)

5

முதலில் ஒரு குட்டிக் கோப்பையில் சூப். பெயர் ஹரீரா. பரிமாறுகிறவர் அதன் வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் அதில் ஆடை படிந்துவிட்டது. தக்காளியைத் தண்ணீருக்குத் தூரத்திலிருந்து காட்டியிருந்தார்கள்.

"எப்படி இருக்கு சார்?"

"நல்லாருக்கு," என்றான் அவன்.

"நல்லாருக்கு," என்றார் அத்தை.

அடுத்தது பெரிய வெள்ளைத் தட்டில் கத்திரிக்காய். தட்டின் ஓரத்தில் வர்ணம் அடித்தாற்போல் ஏதோ சாஸின் ஒரு இழுப்பு. சுரண்டினால் கரண்டிச் சத்தம்தான் வந்தது. அத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார். விடுதிக்குச் சோதனை செய்ய வருகிறவர்களிடம் சொல்லிப் பழகிய சொல்.

பிறகு தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இது எங்க ஊறவெச்ச எலுமிச்சைம்மா," என்று தலைக்கு மேலே குரல் கேட்டது.

[இந்தப் பரிமாறுகிறவர்மேல் எனக்குச் சந்தேகம். அத்தை பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் ஒருவர் தட்டோடு வந்து நிற்பாரா? நாடகத்தனமாக இல்லையா? உண்மையில் இரண்டு தடவைதான் அப்படி நடந்தது. மற்ற நேரங்களில் அவனே கையைத் தூக்கிக் கூப்பிட்டான். தண்ணீர் கேட்டான். கைதுடைக்கத் துணி கேட்டான். எலுமிச்சை எத்தனை நாள் ஊறும் என்று கேட்டான். அதற்கு வந்த பதில் ஒரு தட்டைவிட நீளம்.]

6

தஜீன் வந்தது. கூம்பு மூடி போட்ட மண் சட்டி. பரிமாறுகிறவர் மூடியைத் தொட்டு, கொஞ்சம் நிறுத்தி, இருவரையும் பார்த்துவிட்டுத் தூக்கினார். ஆவி வரவேண்டிய இடம். வரவில்லை. உள்ளே மூன்று துண்டு ஆட்டிறைச்சியும் ஒரு உலர்ந்த பிளம்ஸும் ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்தன.

கடித்தான். கொடிக்கயிறு. அத்தையும் கடித்தார். கன்னம் ஒரு பக்கமாகவே அசைந்துகொண்டிருந்தது.

"நீங்க எடுத்துக்கோங்க மாப்பிள்ளை," என்று மூன்றாவது துண்டை அவன் தட்டில் வைத்தார்.

"ஐயோ, நீங்க சாப்பிடுங்க அத்தை." துண்டு திரும்பிப் போனது.

"நான் வயசானவ, எனக்கெதுக்கு? வளர்ற பிள்ளை நீங்க."

"முப்பத்தி மூணு வயசாச்சு அத்தை."

"அதனாலென்ன. இன்னும் கொஞ்சம் வளரலாம்."

துண்டு மறுபடி வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் இந்தப் பாசத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். மாமியார் பரிமாறினால் மருமகன் மறுக்க முடியாது. அவன் விழுங்கினான். அதற்குப் பழிவாங்கும் விதமாக அடுத்து வந்த பஸ்தீயாவில் பெரிய பாதியை அத்தைக்கு வெட்டி வைத்தான். கோழிக்கறி அடைத்த பணியாரம். மேலே சர்க்கரைத் தூள். உள்ளே ஈரம். அத்தை சர்க்கரையைக் கரண்டியால் ஓரமாகத் தள்ளிக் கீழே என்னதான் இருக்கிறது என்று பார்த்தார். கண்ணை மூடிச் சாப்பிட்டார்.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு போல," என்றார்.

"ஆமா அத்தை. உங்களுக்கு?"

"பிடிக்காம என்ன."

(இவ்வளவு வருடப் பழக்கத்தில் இந்த இருவரும் ஒருவரிடம் ஒருவர் ஒரு தடவைகூட 'பிடிக்கவில்லை' என்று சொன்னதில்லை. அந்த வேலையையும் அவள்தான் செய்துவந்தாள்.)

7

கடைசித் தட்டாகக் கூஸ்கூஸ் வந்தது, ஆறிப்போய்; இருவரும் மென்று முடித்தார்கள். பயணம் முடியப்போவதற்கு அடையாளமாகப் புதினாத் தேநீர் வந்தது. கெண்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கி ஊற்றினார்கள். பாதி கோப்பையில், பாதி அத்தையின் புடவையில். அத்தை அதையும் அழகா இருக்கு என்றார்.

இனித் தட்டு இல்லை. அத்தை கோப்பையைத் தள்ளி வைத்தார். முதுகை நிமிர்த்தினார். மெத்தை அவரைத் திரும்ப இழுத்தது. விடாமல் மறுபடி நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது."

அவன் கை தூக்கினான். "அந்த கூஸ்கூஸ் இன்னொரு தட்டு கிடைக்குமா?"

பரிமாறுகிறவர் குழம்பிப்போனார். அவர் குரலிலிருந்து ஆஸ்பத்திரி காணாமல்போனது. "கூஸ்கூஸா? இன்னொண்ணா சார்? நிஜமாவா?"

"வேண்டாம்!" என்றார் அத்தை.

முப்பது வருடம் ஒரு விடுதியை அடக்கிய குரல். பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றன.

"வேண்டாம்ப்பா, போதும். மாப்பிள்ளை, உங்களுக்குப் பிடிச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க. என்னால முடியல. அது சாப்பாடா, மணலா? கறியா அது? செருப்புக் கடையில வாங்கியிருக்காங்க. எங்க விடுதியில இதைப் போட்டிருந்தா பொண்ணுங்க தட்டைத் தூக்கி என் தலையில அடிச்சிருப்பாங்க. நானும் குனிஞ்சு காட்டியிருப்பேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது. பிறகு எங்கிருந்தெல்லாமோ வந்தது. [இங்கே 'அவள் போன பிறகு முதல்முறையாக' என்று எழுதி அடித்தேன். கணக்கு வைத்திருக்கவில்லை.]

"எனக்கும் பிடிக்கல அத்தை."

"என்னது?"

"ஒண்ணுகூடப் பிடிக்கல. அந்த சூப்புலேர்ந்து."

"அடப்பாவி! அப்பறம் எதுக்குய்யா ஒன்பது தட்டு சொன்னீங்க?"

8

இங்கே கதையை எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம். மூன்று முடிவுகள் கையில் இருக்கின்றன.

ஒன்று. அத்தை சொல்ல வந்ததைச் சொல்கிறார். அவன் சரி என்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கவில்லை. இதை எழுதுவது சுலபம். வழக்கமும் அதுதான். நாலு வரி எழுதிப் பார்த்தேன்: "மாலை வெளிச்சம் டப்பாக்களின்மேல் விழுந்தது. அவன் அவற்றை—" போதும்.

இரண்டு. சிரித்த சிரிப்பில் அத்தைக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. நம்பாதீர்கள். வார்டன்கள் எதையும் மறப்பதில்லை.

மூன்றாவதுதான் நடந்தது, அல்லது நடந்துகொண்டிருக்கிறது. இருவரும் பில் கொடுத்துவிட்டுப் பசியோடு படியிறங்கினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் அத்தை நின்றார். இங்கே யாரும் தட்டோடு வர முடியாது.

"இனிமே ஞாயித்துக்கிழமை நான் வரல மாப்பிள்ளை. நீங்க இன்னும் எத்தனை வருஷம் வாழணும். நான் வந்து வாசல்ல நின்னா, வேற யாரு உள்ள வருவா?"

மனப்பாடம் செய்த வாக்கியம். மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

அவன் வாயில் 'சரி' தயாராக இருந்தது. நுனி நாக்குவரை வந்தது. ஆனால் சற்றுமுன் அந்த நாக்கு வேறொன்றைப் பழகியிருந்தது.

"எனக்குப் பிடிக்கல அத்தை."

"சாப்பாடுதானே, போகட்டும் விடுங்க."

"சாப்பாடு இல்ல. நீங்க இப்ப சொன்னது."

அத்தை கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றினார். கோபமா, அழுகையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் பொய்யாக இருந்தது. குரல் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"இது பிடிக்கல, அது பிடிக்கல. சரி, அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்? அதைச் சொல்லுங்க. கேப்போம்."

என்ன வேண்டும் என்று அவனை யாரும் கேட்டு நாளாகிவிட்டது. அவனுக்குத் தெரியவில்லை. அவனை எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. ஏதாவது பெரிதாகச் சொல்லவைத்தால் அத்தை சிரித்துவிடுவார். சின்னதாகச் சொல்லவைத்தால் பஸ் ஏறிப் போய்விடுவார். மூன்று நாளாக இருவரையும் அந்தப் படியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவன் காதில் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வயதானவர் நின்றுகொண்டே இருக்கிறார்.